பனிக்காலத்துக்கு முன் புல்வெட்டும் மெஷினையும் பெட்ரோலையும் எடுத்து வைப்பது எப்படி: மலை ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் பிறந்தால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறு இன்ஜின் பழுதுபார்க்கும் கடைகளில் பிரஷ் கட்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். கொண்டு வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கும்: "டிசம்பர்ல நல்லாத்தானுங்க ஓடுச்சு, இப்ப எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. மூன்று நான்கு மாதம் டேங்கிலும் கார்பரேட்டரிலும் கிடந்து கெட்ட பெட்ரோல்தான் காரணமாக இருக்கும்.

டிசம்பரில் ஒரு அரைநாள் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம். தள்ளிக்கொண்டு போகும் லான் மோவர், தோளில் மாட்டும் பிரஷ் கட்டர், வேலி கத்தரிக்கும் மெஷின், மரம் அறுக்கும் செயின் சா, தேயிலை பறிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும். இதில் வரிசை முக்கியம். ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலைக்கு வழி செய்து கொடுப்பதால், முன்பின்னாகச் செய்தால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

1. எப்போது எடுத்து வைப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் இரவில் உறைபனி தொடங்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி மாதிரிப் பள்ளமான இடங்களில் வெப்பநிலை பூஜ்யம் வரை இறங்கும். நம் மலையில் புல்தரை என்று பராமரிப்பதில் பெரும்பகுதி கிக்குயு புல்தான். பனி பட்டால் அது கருகிப் பழுத்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்த பிறகே மறுபடி துளிர்க்கும். அந்தப் பனி மாதங்களில் பசுந்தேயிலை வரத்தும் குறைவதால் தேயிலை பறிக்கும் மெஷின்களும் சும்மா கிடக்கும்.

டிசம்பர் நடுவில் கடைசி வெட்டு வெட்டிவிட்டு மெஷினை எடுத்து வைப்பது சரியாக இருக்கும். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். கூடலூர் பக்கம் பனி குறைவு என்றாலும், மழையில்லாத மாதங்களில் அங்கேயும் புல் நின்றுவிடும். பொது விதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: 30 நாளுக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் எடுத்து வைக்கும் வேலையைச் செய்துவிட வேண்டும்.

கடைசி வெட்டுக்குப் போகும்போது டேங்கை நிரப்பாதீர்கள். வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஊற்றுங்கள். வடிக்க வேண்டிய பெட்ரோல் குறையும், மெஷினைச் சாய்த்துக் கழுவும்போது கொட்டவும் கொட்டாது.

2. நிரப்பி வைப்பதா, வடித்து வைப்பதா

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பனிப்பொழிவு உள்ள நாடுகளில் எடுத்த வீடியோக்கள் பலவற்றில், ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் இருக்கக் கலக்கும் மருந்து) கலந்து டேங்கை விளிம்பு வரை நிரப்பி வைக்கச் சொல்வார்கள். அந்த ஊர்க் குளிர் வாரக்கணக்கில் ஒரே நிலையில் இருக்கும். நம் மலையில் விடியற்காலை பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும் வெப்பநிலை, மதியம் 20 டிகிரியை எட்டும். தினமும் இப்படி ஏறி இறங்கும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும்.

இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் என்றால் பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால், அதுவும் குளிர் கூடினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் எரிபொருளை உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். போதாததற்கு, பல சிறு இன்ஜின்களின் கையேடுகள் 10 விழுக்காடு எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. ரப்பர் குழாய், கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு போன்றவை அதற்கு மேற்பட்ட எத்தனாலில் நாள்கணக்கில் ஊறுவது நல்லதல்ல.

பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் 2-ஸ்ட்ரோக் மெஷினில் ஆபத்து இன்னும் அதிகம். அப்படிக் கலக்கும் 2டி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். அடியில் பிரிந்து நிற்கும் நீர்-எத்தனால் கலவையில் ஆயில் இருக்காது. அதை உறிஞ்சி ஸ்டார்ட் ஆனால், மசகு இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரை உரசிக் கெடுத்துவிடும். கார்பரேட்டர் அடைப்பைச் சுத்தம் செய்துவிடலாம். பிஸ்டன் போனால் செலவு ஆயிரங்களில்.

ஆகவே என் முடிவு தெளிவானது: மலையில் வடித்து வைப்பதே சரி. டேங்க் முழுக்க வடிக்க வழியில்லாத மெஷினுக்கு மட்டும் ஸ்டெபிலைசர் பயன்படுத்துங்கள். அதையும் அன்று வாங்கிய புதுப் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். கலந்த பிறகு பத்து நிமிடம் ஓட்டினால்தான் அது கார்பரேட்டர் வரை போய்ச் சேரும். பழைய பெட்ரோலை ஸ்டெபிலைசர் புதிதாக்காது, தண்ணீர் சேர்வதையும் தடுக்காது.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மெஷினோடு வந்த கையேடு, பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், சின்னப் புனல், ஒரு கைப்பம்பு அல்லது குழாய், வடித்த பெட்ரோலுக்கு மூடியுள்ள தகரக் கேன், பழைய ஆயிலுக்குத் தனி டப்பா, புது இன்ஜின் ஆயில், 2டி ஆயில், கிரீஸ், கம்பி பிரஷ், மரச் சுரண்டி, பழைய பருத்தித் துணி. இவ்வளவு போதும். வாயால் குழாயை உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தவறி நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

வேலையைத் திறந்த வெளியில், மதிய வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், பக்கத்து அறையில் எரியும் குமுட்டியிலோ கேஸ் கீசரிலோ பற்றிக்கொண்டு திரும்பி வரும். மலையின் உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும்.

4. கழுவித் துடைப்பது

முதல் வேலை இதுதான். இதற்குப் பிறகு இன்ஜினை ஓட்டப் போகிறோம், அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கழுவினால், அந்த ஈரம் மாதக்கணக்கில் அப்படியே தங்கித் துருவாகும்.

கை வைக்கும் முன் பிளக் கேப்பைக் கழற்றி ஓரமாக விலக்கி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே ஒரு சுற்று பற்றிக்கொள்ளும் இன்ஜின்கள் உண்டு.

லான் மோவரைச் சாய்க்கும்போது கார்பரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் வர வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி நனைத்துவிடும். அடித்தட்டில் கிக்குயு புல் சாறோடு ஒட்டிக் காய்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும். மரச் சுரண்டியால் சுரண்டி, பிறகு கம்பி பிரஷ் போடுங்கள்.

இன்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். சிலிண்டரைச் சுற்றியுள்ள பட்டைகளுக்கு நடுவில் அடைந்த புல்தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே போதும். அந்தத் தூளை அப்படியே விட்டால் எலிக்குக் கூடு கட்டத் தயாராகப் பஞ்சு கிடைத்த மாதிரி.

5. பெட்ரோலை வடித்து, கார்பரேட்டரைக் காய வைப்பது

பிளக் கேப்பைத் திரும்ப மாட்டி, ஐந்து பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள். கழுவிய ஈரம் காயும், ஆயிலும் சூடாகும். பிறகு அணைத்து, சைலன்சர் தொடும் அளவுக்கு ஆறிய பின்பே டேங்கைத் திறக்க வேண்டும். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சிந்துவதுதான் இந்த வேலையில் நடக்கும் தீ விபத்துக்கு முதல் வழி.

ஆயிலைத் தனியாக ஊற்றும் 4-ஸ்ட்ரோக் மோவரில் டேங்கைப் பம்பால் வடித்துவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் காக்கை மூடி, தானாக நிற்கும் வரை விடுங்கள். அத்தோடு முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. கார்பரேட்டரின் கீழ்க் கிண்ணத்தில் ஜெட் (பெட்ரோல் ஏறும் நுண்துளை) எட்டாத ஆழத்தில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும். அந்தச் சில சொட்டுதான் காய்ந்து பச்சையாகவோ மஞ்சளாகவோ பிசினாகி ஜெட்டை அடைக்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடித்துவிட்டு இறுக்குங்கள்.

பிரஷ் கட்டர், செயின் சா போன்ற 2-ஸ்ட்ரோக்கில் கிண்ணம் இருக்காது, மெல்லிய டயாபிரம்தான் இருக்கும். டேங்கைக் கவிழ்த்துக் கேனில் வடியுங்கள். பிரைமர் பல்பு (பெட்ரோலை ஏற்ற விரலால் அழுத்தும் சின்னக் குமிழ்) இருந்தால் ஐந்தாறு முறை அழுத்தி, குழாயில் இருப்பது டேங்குக்குத் திரும்பிய பின் அதையும் வடியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கிலேயே நிற்கும் வரை ஓடவிடுங்கள். சீக்கிரம் தீரட்டும் என்று ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. தீரும் கட்டத்தில் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைந்துவிடும், அந்த நேரத்தில் வேகமாகச் சுற்றினால் பிஸ்டனுக்குத்தான் கேடு. உள்ளே பெட்ரோல் தங்கினால் டயாபிரத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐட்லிங்கில் காய வைப்பது அதற்காகத்தான்.

6. ஆயில் மாற்றுவது (4-ஸ்ட்ரோக்கில் மட்டும்)

இன்ஜின் இன்னும் இளஞ்சூட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சூட்டில் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வழியும். ஏப்ரலில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஓடிய ஆயிலில் எரிந்த புகையின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். நான்கு மாதம் அது பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். வடிக்கும்போது பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிர் காலையில் இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்துவிடும் பழக்கம் உள்ள மெஷின்களில் இது சகஜம்.

அளவில் கவனம் வேண்டும். மோவர்களுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பிடிக்கும். 4-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களில் பரவலாக உள்ள ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜினுக்கு மொத்தமே 100 மில்லிதான். பைக்குக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினால் மிச்சம் சிலிண்டருக்குள் ஏறி வெள்ளைப் புகையாகக் கக்கும்.

வடித்த ஆயிலை வேலிக்கால்களில் பூசுவதும் ஓடையோரம் கொட்டுவதும் கண்ணில் படுகிறது. நம் ஓடைத் தண்ணீர்தான் கீழே உள்ள ஊருக்குக் குடிநீர். டப்பாவில் ஊற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், பழைய ஆயிலை அங்கே சேர்த்து வைப்பார்கள்.

7. பிளக்கும் சிலிண்டரும்

பெட்ரோலும் ஆயிலும் முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முதலிலேயே சிலிண்டரில் ஆயில் விட்டுவிட்டு அப்புறம் இன்ஜினை ஓட்டினால், விட்ட ஆயில் எரிந்து போய்விடும்.

பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன், சுமார் 5 மில்லி சுத்தமான ஆயில் விடுங்கள். 4-ஸ்ட்ரோக்குக்கு இன்ஜின் ஆயில், 2-ஸ்ட்ரோக்குக்கு 2டி ஆயில். துளையின் மேல் துணியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். ஆயில் சிலிண்டர் சுவரில் பரவிப் படலமாக நிற்கும், மார்கழி ஈரம் இரும்பைத் தொடாது.

பிளக் கறுத்திருந்தால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். சமவெளியோடு பார்த்தால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் ட்யூன் செய்து வந்த கார்பரேட்டர் இங்கே தேவைக்கு மேல் பெட்ரோல் விடும், அதனால் கரி படியும். பிரஷ் போட்டுத் துடைத்து, கையேட்டில் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ஒவ்வொரு ஆண்டும் கறுத்துக்கொண்டே இருந்தால், மலைக்கு ஏற்ப ட்யூன் செய்யும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டலாம்.

பிளக்கை மாட்டியதும் கயிற்றை மெல்ல இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிஸ்டன் மேலே ஏறும் இடம் அது. 4-ஸ்ட்ரோக்கில் இரு வால்வுகளும் மூடியிருக்கும், 2-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாயை பிஸ்டன் மறைத்திருக்கும். வெளி ஈரம் உள்ளே போக வழி இருக்காது. பிளக் கேப்பை மாட்டாமல் பக்கத்தில் விட்டு வையுங்கள்.

8. ஏர் ஃபில்டர், பிளேடு, கியர்

ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டினால் போதும். பிளேடைத் தீட்டி ஆயில் துணியால் ஒரு துடைப்பு. பிரஷ் கட்டரின் முனையில் உள்ள கியர் பாக்ஸுக்குக் கிரீஸ் அடிக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும், பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அடித்துவிடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் மோவராக இருந்தால் பேட்டரியைக் கழற்றி முழுக்க சார்ஜ் செய்து வீட்டுக்குள் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் சீக்கிரம் சாகும்.

9. மிச்சமான பெட்ரோலை என்ன செய்வது

வடித்தது ஆயில் கலக்காத பெட்ரோலாக இருந்து, வாங்கி ஒரு மாதத்துக்குள் என்றால், துணியில் வடிகட்டி ஸ்கூட்டருக்கோ காருக்கோ ஊற்றித் தீர்த்துவிடுங்கள். அடுத்த ஏப்ரலுக்கு என்று சேர்த்து வைக்க வேண்டாம்.

2டி ஆயில் கலந்ததை பிஎஸ்6 வண்டிகளில் ஊற்றக் கூடாது. சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரை அந்த ஆயில் கெடுக்கும். குளிர்காலத்திலும் விறகு அறுக்கச் செயின் சா ஓடுகிற வீடு பக்கத்தில் இருந்தால், ஆயில் விகிதத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. விகிதம் தெரியாத கலவையை எந்த மெஷினிலும் ஊற்றாதீர்கள். நிறம் இருண்டு, வார்னிஷ் வாடை அடித்தால் அது கெட்ட பெட்ரோல். ஒர்க்‌ஷாப்பில் உதிரிபாகம் கழுவ எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம், குப்பை எரிக்கவும் வேண்டாம்.

கொஞ்சம் வைத்தே ஆக வேண்டும் என்றால் தகரக் கேனில், மூடி இறுக, வாங்கிய தேதியையும் ஆயில் விகிதத்தையும் எழுதி ஒட்டி வையுங்கள். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர் வரைதான். தகரக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வீட்டுத் தோட்டத்துக்கு 2 லிட்டரே அதிகம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பது எந்த நாளும் கூடாது, அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில்.

மேட்டுப்பாளையத்தில் கேனில் பிடித்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கேன் உப்பும். வந்ததும் சட்டென்று திறந்தால் ஆவியும் பெட்ரோலும் முகத்தில் தெறிக்கும். வெளியில் நிழலில் வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, காற்று இறங்கிய பிறகு திறவுங்கள். மேலேயுள்ள பங்கிலேயே வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

10. எங்கே, எப்படி வைப்பது

தகர ஷெட் கூரையின் அடிப்பக்கம் பனி இரவுகளில் வியர்க்கும். விடிந்து வெயில் பட்டதும் அது சொட்டுச் சொட்டாக விழும். மெஷினைச் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, பருத்தித் துணி அல்லது சணல் சாக்கால் போர்த்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைந்துபோகும். மேலிருந்து சொட்டும் என்றால் தார்ப்பாயை மெஷினில் படாமல் தனியாக உயரத்தில் கட்டுங்கள்.

சைலன்சர் வாயில் ஆயில் நனைத்த துணியைச் செருகினால் எலியும் ஈரமும் உள்ளே போகாது. செருகியதும் ஸ்டார்ட்டர் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். ஏப்ரலில் வேறொருவர் வந்து ஓட்டினாலும், எதையோ எடுக்க வேண்டும் என்று அது ஞாபகப்படுத்தும். தானியம், கோழித்தீவனம் வைக்கும் அறையில் மெஷினை வைக்காதீர்கள். எலி முதலில் பெட்ரோல் குழாயைத்தான் கடிக்கும்.

11. கோடையில் திரும்ப எடுக்கும்போது

மே மாதம் மலர்க் கண்காட்சி சீசனுக்குத் தோட்டத்தைத் தயார் செய்ய வேண்டியவர்கள் மார்ச் கடைசியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஏப்ரலில் மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

சைலன்சர் துணியை எடுங்கள். குழாயில் வெடிப்போ கடித்த தடமோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அன்று வாங்கிய பெட்ரோலை ஊற்றி, 2-ஸ்ட்ரோக் என்றால் புதிதாக ஆயில் கலந்து ஊற்றி, பிளக் கேப் மாட்டாமல் நாலைந்து முறை கயிற்றை இழுங்கள். பிறகு கேப்பை மாட்டி, சோக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வரும். டிசம்பரில் விட்ட அந்த ஒரு டீஸ்பூன் ஆயில் எரிகிற புகை அது, பயப்பட ஒன்றுமில்லை.

பத்து இழுப்புக்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மேலும் இழுத்துக் கயிற்றை அறுக்காதீர்கள். காக் திறந்திருக்கிறதா, பிளக் கேப் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா, ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காய வைத்து, சோக் இல்லாமல் இழுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை, கார்பரேட்டரைத்தான் திறக்க வேண்டும்.